மாமியார் வண்டிக்கு யார் ஊற்றியது

வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கால் மடக்க முடியாதவங்க நீட்டிக்குங்க, இங்கே யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு சாவுக் கதை. முகத்தைச் சுருக்காதீங்க. சாவு எல்லார் வீட்டுக்கும் வழி தெரிந்த விருந்தாளி. கூப்பிட்டாலும் வரும், கூப்பிடாவிட்டாலும் வரும். அது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே ஒருத்தி ஒரு பொய்யை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு, இறக்கிவிட இடமில்லாமல் நின்றாள். அவள் பட்ட பாடுதான் கதை.

"முடிச்சு இருந்துச்சா?"

மாமனார் இப்படிக் கேட்டபோது மருமகள் அவர் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூன் சாய்ந்து, பாதித் தண்ணீர் அவர் கழுத்துப் பள்ளத்தில் வழிந்தது.

"எந்த முடிச்சு மாமா?"

"கேன் கைப்பிடியில. நீ வண்டிக்கு ஊத்தின கேன். அதுல சிவப்பு முடிச்சு இருந்துச்சா, இல்லையா?"

நாலு நாளாக அவருக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பால்கூட உள்ளே இறங்காத தொண்டையில் இந்தக் கேள்வி மட்டும் எப்படித்தான் தங்கியிருந்ததோ.

அவள் துண்டால் அவர் கழுத்தைத் துடைத்தாள். துடைக்கிற நேரத்துக்குள் யோசித்தாக வேண்டும்.

"முடிச்சு இல்ல மாமா. நான்தான் பாக்காம எடுத்துட்டேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. முடிச்சு இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றிச் சுருக்கம் ஒன்று மெல்ல விரிந்தது. அவள் மூச்சு விட்டாள்.

"அவசரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க," என்றது கதவோரக் குரல். நாத்தனார். வீட்டுக்காரரின் அக்கா. முந்தின நாள் பஸ் பிடித்து வந்து இறங்கியவள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுத நேரம் போக மீதி நேரமெல்லாம் அவளுக்குப் பேச்சு இந்த வண்டியைப் பற்றித்தான். "இருபத்திரண்டு வருஷம் எங்கப்பா ஓட்டின வண்டி. ஒரு சொட்டு மாறினதில்ல. இவ கைக்குப் போய் ஆறு மாசம் ஆகல, வயித்தைக் கழுவிவிட்டுட்டா."

மருமகளுக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அதை இந்த அறையில் சொல்ல முடியாது.

அந்த வார்த்தை என்ன என்பதை உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடு ஒரு சலவைக்கூடம். கீழே இரண்டு பெரிய மெஷின், பின்கட்டில் இஸ்திரி மேஜை, மொட்டை மாடி முழுக்கக் கொடிக்கயிறு. ஒரு ஆஸ்பத்திரியின் துணியும் இரண்டு லாட்ஜுகளின் துணியும் அங்கேதான் வெளுத்தன. கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய பிக்கப் வண்டி. மாமனார் அதற்கு வைத்திருந்த பெயர் 'மாமியார்'. மருமகள் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய நிஜ மாமியார் உயிரோடு இல்லை. "அந்தக் குறை உனக்கு வேண்டாம்மா, வாசல்ல நிக்குது பாரு" என்று வண்டியைக் காட்டினாராம். "காலையில எழுப்பினா முனகும். மேட்டுல ஏறச் சொன்னா இருமும். ஒரு நாள் கவனிக்கலைன்னா நாலு நாள் முகம் கொடுக்காது."

விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குத் துணி போக வேண்டிய நேரத்தில் எந்தப் பெட்ரோல் பங்க்கும் திறந்திருக்காது. அதனால் டீசலை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது அவர் பழக்கம். எதில் வைப்பது? துணி அலசும்போது கடைசியாக விடுகிற வாசனைத் தண்ணி, இருபது லிட்டர் வெள்ளைக் கேன்களில் வரும். காலியான கேன்களைக் கழுவிக் காயவைத்து அதிலேதான் டீசல். ஆக, கொட்டகையில் இருக்கிற கேனெல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அடையாளத்துக்கு அவர் ஒரு வழி செய்திருந்தார்: கைப்பிடியில் சிவப்புத் துணி முடிந்திருந்தால் டீசல், இல்லாவிட்டால் வாசனைத் தண்ணி. கண் பார்க்காவிட்டாலும் விரல் பார்த்துக்கொள்ளும் என்பார்.

அவர் படுத்த பிறகு வண்டி மருமகள் கைக்கு வந்தது. இந்தக் கேள்விக்குப் பதினேழு நாள் முந்தி ஒரு மத்தியானம், அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு விரிப்புகளுக்கு நடுவே கீழே பார்த்தால், மாமனார் நடந்து போகிறார். மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு இறங்காத மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு, வண்டி நிறுத்தியிருந்த கொட்டகைப் பக்கம் போகிறார். கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார். விழாவிட்டாலும், திருடும்போது பிடிபட்டவர் மாதிரி கூனிப்போவார். அவள் துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி அப்படியே நின்றாள். கால் மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். போனபோது இருந்த நடை இல்லை அது. ஏதோ வேலை முடித்துவிட்டு வருகிறவர் நடை, முதுகு நிமிர்ந்திருந்தது. அவள் இறங்கி வந்து பார்த்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிறவர் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வண்டி, ஆஸ்பத்திரித் துணியோடு, நாற்சந்தி நடுவில் இரண்டு தும்மல் போட்டு வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது.

மெக்கானிக் கயிறு கட்டி இழுத்துப் போனார். எந்த வண்டி வந்தாலும் முதலில் அடியில் குனிந்து "சொட்டுதா?" என்று கேட்கிறவர், அதனால் ஊரெல்லாம் அவருக்குச் 'சொட்டு' என்றே பெயர். டேங்க்கின் அடி நட்டைக் கழற்றினார். வந்தது நுரை. பட்டறை முழுக்க மல்லிகை மணம்.

"அக்கா, இது டீசல் டேங்க்கா, வாஷிங் மெஷினா?" என்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கியது. கொட்டகையில் பல்பு போய் ஒரு மாதம். அவருக்குக் கண்ணில் புரை. மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து மூக்குக்கு வாசனையே தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அவர் எழுந்து போனதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்த்தபோது, கட்டியிருந்த சிவப்பு நாடாவைப் போகிற போக்கில் பாதி தீர்ந்த வாசனைத் தண்ணிக் கேன் ஒன்றின் கைப்பிடியில் சுற்றிவிட்டுப் போனவள் அவள்தான். அவர் விரல் தேடியது. சிவப்புத் துணி அகப்பட்டது. நம்பி ஊற்றிவிட்டார். வீட்டுக்குத் தன்னால் இன்னும் ஒரு வேலை ஆகும் என்று எழுந்து போய்ச் செய்த வேலை.

"நான்தான் மாத்தி ஊத்திட்டேன்," என்று பட்டறையிலேயே சொல்லிவிட்டாள். முழுப் பொய்யும் இல்லை, முக்கால் பொய். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மாமனார் மட்டும் முதலில் கத்தினார், பிறகு கேள்வி கேட்டார், பிறகு ஒன்றும் கேட்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த மௌனம்தான் அவளுக்குப் பயம். தான் எழுந்து போனதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் வண்டியைக் கெடுத்தது தான் ஊற்றிய கேனா, அவள் ஊற்றிய கேனா என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

இப்போது புரிந்ததா அந்த வார்த்தை? 'நீங்கதான்.' அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவள் மேல் விழுந்த பழி நீங்கும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். மணி பதினொன்று இருக்கும். வீட்டுக்காரர் வாடகை வண்டியில் துணி கொடுக்கப் போயிருந்தார், திரும்பச் சாயங்காலம் ஆகும். சொட்டு வந்தார், கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு.

"பெரியவரைப் பாத்துட்டு, ஒரு விஷயமும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவர்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். என்கிட்டச் சொல்லுங்க," என்று மருமகள் வராந்தாவிலேயே மறித்தாள்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். விரல் நீளத்துக்கு நாலு நாசில்கள். "பாருங்க. டீசலைப் பனி மாதிரி தூவ வேண்டியது. முனை எல்லாம் துரு. பம்பைப் பிரிச்சேன், அதுக்கு டீசல்தான் எண்ணெய், டீசல்தான் சோறு. அந்தத் தண்ணி போனதும் உள்ள ஒண்ணோட ஒண்ணு உரசி இறுகிப்போச்சு. டேங்க் கழுவணும், குழாய் மாத்தணும், ஃபில்டர் புதுசு, பம்ப், நாசில்..." தொகையைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கெட்ட சேதி சொல்கிற மாதிரி.

"வண்டியை வித்தாலே அதுல ரெண்டு மடங்குதானே வரும்!" நாத்தனார் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"ஆமாங்க. அதனாலதான் ஒரு வழி பாத்தேன். விபத்துல அடிபட்ட இதே மாடல் வண்டி ஒண்ணு பிரிக்க வந்திருக்கு. பம்ப் நல்லா இருக்கு. பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனா சாயங்காலம் இன்னொருத்தன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான். இன்னிக்கே ஆமா, இல்லன்னு சொல்லணும்."

"யாரு கெடுத்தாங்களோ அவங்க கட்டட்டும்," என்றாள் நாத்தனார். "அப்பா மருந்துக்கு வெச்ச காசுல கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

உள்ளிருந்து இருமல். பிறகு, "சொட்டு... உள்ள வா."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போகாமல் இருக்க முடியவில்லை.

சொட்டு கட்டிலருகில் போய் நின்றார். பட்டறையில் வாய் ஓயாத மனுஷனுக்கு நோயாளி முன்னால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது மனுஷர்கள் நல்ல வார்த்தை சொல்லத்தான் பார்ப்பார்கள். எத்தனை வினை நல்ல வார்த்தையில் வந்திருக்கிறது!

"ஒண்ணும் கவலைப்படாதீங்க பெரியவரே. எழுப்பிடலாம் மாமியாரை."

"டேங்க் வாய் எப்படி இருந்துச்சு?"

"டேங்க் வாயா? அது படு சுத்தம். அந்தத் தண்ணி ஒரு சொட்டு வெளிய பட்டிருந்தா வெள்ளையாப் பூத்துப்போயிருக்கும். ஒண்ணுமில்ல, பெயின்ட் அப்படியே இருக்கு. ஊத்தினது தப்புன்னாலும், ஊத்தின கை தங்கமான கை. அக்கா ஒரு சொட்டு சிந்தல."

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

மருமகள் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவரமாட்டாள் என்பது அந்த வீட்டில் பழைய கேலி. சற்று முன் அவள் சிந்திய தண்ணீரின் ஈரம் இன்னும் தலையணையில் காயவில்லை. மாமனாரின் கண் தலையணைக்குப் போகவில்லை. மெல்ல, தன் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்தார். அதையே பார்த்தார். நரம்பு மட்டும் மிஞ்சியிருந்த கை.

"நான் துடைச்சேன் மாமா," என்றாள் மருமகள். அவசரமாக வந்துவிட்டது. "சிந்திச்சு. நிறையவே சிந்திச்சு. ஈரத்துணி எடுத்து நல்லாத் துடைச்சேன்."

"துடைச்சியா."

"ஆமா."

"வண்டியில சிந்தினதைத் துடைச்சவ, கேனைப் பாக்கலையா."

அவள் போர்வை நுனியை இழுத்து விட்டாள். சொட்டுக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. நாசில் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். நாத்தனார் ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள், ஒருமுறை தம்பி மனைவியைப் பார்த்தாள்.

மாமனார் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். கிணற்றில் தண்ணீர் ஊறக் காத்திருக்கிற மாதிரி எல்லாரும் காத்திருந்தார்கள்.

"புனல் எங்க இருக்கு?"

"என்ன மாமா?"

"புனல். ஊத்தினியே, அதுக்கப்புறம் புனலை எங்க வெச்ச?"

இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். ஏனென்றால் அந்த வீட்டில் ஊற்றி முடித்ததும் புனலைத் துடைத்து ஆணியில் மாட்டுகிற ஆள் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் அங்கேயே தரையில் போட்டுவிட்டுப் போவார்கள், அவர் திட்டிக்கொண்டே எடுத்து மாட்டுவார். இருபத்திரண்டு வருஷமாக நடக்கிற கூத்து. அன்றைக்குப் பிறகு வண்டி வீட்டுக்கு வரவில்லை. புனலை யாரும் தொட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. கடைசியாக ஊற்றியது யார் என்று அந்தப் புனலுக்குத்தான் தெரியும். இத்தனை நாள் அவள் எல்லாவற்றையும் யோசித்தாள், இதை யோசிக்கவில்லை.

"கீழதான் மாமா போட்டேன். எப்பவும் போல."

"பாத்தாத் தெரியும்."

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்..."

"நீ இரு." குரல் மெலிந்திருந்தாலும் அதில் பழைய முதலாளி இருந்தார். "அவ போகட்டும்." மகளைப் பார்த்தார். "நீ போய்ப் பாரும்மா. ஆணியில இருந்தா ஆணியில இருக்குன்னு சொல்லு. கீழ கிடந்தா கீழன்னு சொல்லு. தொடாத. பாத்துட்டு மட்டும் வா."

நாத்தனார் போனாள்.

பின்கட்டு வழியாகக் கொட்டகைக்கு நாற்பது அடி இருக்குமா? போய் வர ஒரு நிமிஷம். மருமகள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடியில் ஈரத்துணி காற்றில் படபடக்கிற சத்தம் கேட்டது. கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மாமனார் கண்ணைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. நாத்தனார் கத்திக்கொண்டே வருவாள் என்று மருமகளுக்குத் தெரியும். 'ஆணியிலதான் இருக்குப்பா, உங்களை மாதிரியே அழகா மாட்டியிருக்கு' என்று சொல்லுவாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கும். ஏதாவது செய்ய வேண்டும். மயங்கி விழலாமா? பால் பொங்குகிறது என்று ஓடலாமா?

செருப்புச் சத்தம் வந்தது. மெதுவாக வந்தது.

நாத்தனார் வாசலில் நின்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"கீழதான் கிடக்கு," என்றாள்.

"கீழயா?"

"கேனுக்குப் பின்னால, மண்ணுல கவிழ்ந்து கிடக்கு. தேடித்தான் பாத்தேன், அதான் நேரமாச்சு." பிறகு வழக்கமான குரலில், "இந்த வீட்டுல புனலை மாட்ட யாருக்குக் கை வருது?" என்றாள்.

மாமனாரின் உடம்பு முழுவதும் ஒருமுறை தளர்ந்தது. பிடித்திருந்த ஏதோ ஒன்றை விட்டுவிட்ட மாதிரி. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அப்ப சரி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவளைத் திட்டாத. கை யாருக்கும் தவறும்."

"திட்டலப்பா."

"நீ திட்டுவ. உன்னை எனக்குத் தெரியாதா." அவர் உதட்டோரம் லேசாக நெளிந்தது. அது சிரிப்புதான். "ஏம்மா," என்று மருமகளைக் கூப்பிட்டார். "அடுத்த தரம் பாத்து ஊத்து."

"சரி மாமா. பாத்து ஊத்தறேன்."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

சொட்டு வெளியே வந்ததும் ஈரமில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எதாவது தப்பாச் சொல்லிட்டேனாக்கா?"

"இல்ல."

"டேங்க்கை டீசல்லயே ரெண்டு தரம் அலசணும். காலிக் கேன் ரெண்டு குடுங்க. என்கிட்ட இருக்கிறதெல்லாம் பழைய ஆயில் பட்டது."

அவள் முன்னால் நடந்தாள். கொட்டகைக் கதவைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே விழ ஒரு நொடி ஆயிற்று.

புனல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாய் கீழே பார்க்க, நேராக, துடைத்துச் சுத்தமாக. ஆணித் தலையிலிருந்து புனல் விளிம்புக்கு ஒரு சிலந்தி இழை ஓடியது. அறுபடவில்லை. யாரும் தொட்டு மாட்டியிருக்க வழியில்லை. தரையில் தூசி மேல் செருப்புத் தடம் ஒன்று, ஆணிக்கு நேர் கீழே வந்து, வெகு நேரம் கால் மாற்றி மாற்றி நின்ற தடம்.

"அந்தப் புனலையும் எடுத்துக்கட்டுமா?" என்று சொட்டு கை நீட்டினார்.

"அது வேண்டாம்," என்றாள். "கேன் மட்டும் எடுத்துக்குங்க."

"பம்ப் விஷயம்?"

"எடுத்து வெச்சிடுங்க."

"பெரிய தொகைக்கா. உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை..."

"எடுத்து வெச்சிடுங்கன்னு சொல்றேன்ல."

அவள் திரும்பி உள்ளே வந்தபோது நாத்தனார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் மூச்சு ஏறி இறங்கியது. மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே இருந்த தூரம் கூடிக்கொண்டே வந்தது. மேட்டில் ஏறுகிற வண்டி மாதிரி, இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று தோன்றும், மறுபடி இழுத்துக்கொள்ளும். மூன்று மணி தாண்டியதும் ஒரு மூச்சு வந்தது. இருவரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். கடிகாரம் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது.

"அப்பா," என்றாள் நாத்தனார். கூப்பிடுகிற மாதிரி இல்லை, பெயர் சொல்லிப் பார்க்கிற மாதிரி.

மருமகள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சொந்தம் வந்தது, அழுதது, நாற்காலி வாடகைக்கு வந்தது, மறுநாள் அவரைக் கொண்டுபோய்விட்டு வந்தார்கள். வந்த கூட்டத்தில் ஒரு கிழவி, வாய் சும்மா இருக்காமல், "வண்டி நின்னுச்சு, அந்தக் கவலையிலயே மனுஷனும் நின்னுட்டான். கெடுத்த கையைச் சொல்லணும்" என்று இழுத்தாள். மருமகள் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் என்ன சொல்வாள் என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"பழைய வண்டின்னா கெடத்தான் செய்யும்," என்றாள் நாத்தனார். "நீங்க காபியைக் குடிங்க, ஆறுது."

நாலாம் நாள் சொட்டு பில்லோடு வந்தார். பழைய பம்ப், புது நாசில் நாலு, குழாய், ஃபில்டர், கூலி. வண்டி ஓடுகிறது, முதல் பத்து நிமிஷம் மட்டும் புகையில் மல்லிகை மணக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். மருமகள் தாளைக் கையில் வாங்கி, கடைசி வரியைப் பார்த்தபடி நின்றாள்.

"பாதி என் பேர்ல எழுதுங்க," என்றாள் நாத்தனார், பையில் துணி அடுக்கிக்கொண்டே. அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு பஸ்.

சொட்டுக்குப் புரியவில்லை. "உங்களுக்கு எதுக்குக்கா? நீங்களா ஊத்தினீங்க?"

"ஊத்தின வீட்டுலதானே நானும் பொறந்தேன்."

சொட்டு தலையைச் சொறிந்துகொண்டு எழுதினார்.

அவர் போன பிறகு மருமகள் மாடிக்குப் போனாள். நாலு நாளாகக் கொடியில் கிடந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. ஒன்றை உருவி, கையை அகல விரித்து, தனியாக மடிக்கப் பார்த்தாள். பெரிய விரிப்பு, தரையில் புரண்டது. படியில் மூச்சு வாங்குகிற சத்தம். நாத்தனார் ஏறி வந்தாள். மூச்சு அடங்குகிறவரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்குக் கொட்டகையில..." என்று ஆரம்பித்தாள்.

மருமகள் காத்திருந்தாள்.

"...பல்பு ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லு என் தம்பியை."

"சொல்றேன் அண்ணி."

நாத்தனார் குனிந்து, தரையில் புரண்ட இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து இழுத்துப் பிடித்தார்கள். சுருக்கம் போக ஒருமுறை உதறினார்கள். எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். நாத்தனார் தன் முனைகளை அவள் விரல்களுக்குள் வைத்துவிட்டு, தொங்கிய மடிப்பைக் குனிந்து எடுத்து, மறுபடி பின்னால் போனாள். கொடியில் இன்னும் முப்பது விரிப்பு இருந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்க, வீட்டில் தேடுவார்கள். உங்க வீட்டுக் கொடியில் துணி ஈரம் நிற்காமல் காயட்டும். வாசலில் நிற்பது எதுவானாலும் முதல் சாவியில் எழும்பட்டும். பெரிய விரிப்பை மடிக்கிற நாளில், மறு முனையை எடுக்க உங்க வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும்.